அலசுத் தொட்டியிலேயே உலோகத்தைப் பிடிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நொய்யலில் நுரை பொங்கி ஓடும் படங்கள் மழைக்காலந்தோறும் தங்கள் நாளிதழில் வெளிவருகின்றன. அவற்றையொட்டி வாசகர்கள் எழுதும் கடிதங்களில், சோப்பு இனத்தைச் சேர்ந்த வேதிப்பொருள்களைக் கொண்டே தண்ணீரில் கரைந்துள்ள உலோகங்களைப் பிரித்தெடுத்துவிடலாம் என்றும், திருப்பூர்ப் பகுதியின் சாயக்கழிவுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் அந்த முறையை உடனே நிறுவ வேண்டும் என்றும் ஒரு யோசனை அண்மைக் காலமாகத் தலைகாட்டுகிறது. கோவையில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், பிளேட்டிங் எனப்படும் முலாம் பூசும் பட்டறை நடத்தும் பழைய மாணவர்கள் சிலரோடு இன்றும் தொடர்பில் இருப்பவன் என்ற முறையிலும் இது குறித்துச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். அந்த யோசனையின் வேதியியல் உண்மையானது. ஆனால் அதை நிறுவச் சொல்லும் இடம் பொருந்தாதது என்பதே என் கருத்து.

உலோக அயனி சோப்போடு பிணைவது நமக்குப் புதிய செய்தியன்று. அவிநாசிக்கும் பல்லடத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் துணி துவைத்தவர் எவரும், சோப்பு நுரைக்காமல் வெள்ளைத் திரியாகத் திரிந்து வாளியின் விளிம்பில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பார். அந்தத் திரி, தண்ணீரில் இருந்த கால்சியமும் மக்னீசியமும் சோப்பு மூலக்கூறின் எதிர்மின் முனையைப் பற்றிக்கொண்டு உருவானது. சிறுவாணித் தண்ணீரில் இந்தத் தொல்லை இல்லை என்பதற்குக் காரணம், அதில் அந்த உப்புகள் மிகக் குறைவு என்பதே.

சோப்பும் டிடர்ஜென்டும் பரப்புச் செயலிகள் என்னும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் நீண்ட வாலும் உண்டு. குறிப்பிட்ட செறிவைத் தாண்டியதும் இம்மூலக்கூறுகள் வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே நீட்டி, உருண்டைத் திரள்களாகச் சேர்ந்துகொள்கின்றன. மிசெல் என்று பெயர் பெற்ற இந்தத் திரளே நம் விவாதத்தின் மையப்பொருள். ஷாம்பூவிலும் பற்பசையிலும் உள்ள சோடியம் லாரில் சல்பேட்டை எடுத்துக்கொண்டால், தூய நீரில், அறை வெப்பநிலையில், லிட்டருக்குச் சுமார் 2.3 கிராம் அளவில் மிசெல்கள் தோன்றத் தொடங்கும். ஒரு மிசெலில் ஏறத்தாழ 60 மூலக்கூறுகள் இருக்கும். அதன் விட்டம் 4 நானோமீட்டர் அளவில் இருக்கும். அதன் மேற்பரப்பு முழுவதும் எதிர்மின்சுமை நெருக்கமாக நிற்பதால், சுற்றியுள்ள நேரயனிகளில் பெரும்பகுதி அந்தப் பரப்பை விட்டு விலகாமல் ஒட்டியிருக்கிறது. ஒற்றை நேர்மின்சுமை உள்ள சோடியத்தைவிட இரட்டைச் சுமை உள்ள நிக்கல், தாமிரம், துத்தநாகம், காட்மியம், காரீயம் ஆகியவற்றை அப்பரப்பு இறுக்கமாகப் பற்றுகிறது.

தனியாகத் திரியும் நிக்கல் அயனி, ஆர்.ஓ.வைவிடப் பெரிய துளைகள் உள்ள மெம்பரேனில் (வடிசவ்வில்) தங்காது. மிசெலோடு ஒட்டிய நிக்கல் தங்கும். இந்த எளிய வேறுபாட்டைக் கொண்டு 1980-களில் அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ஜான் ஸ்கேமஹார்ன், ஷெரில் கிறிஸ்டியன் ஆகியோரும் உடன் பணியாற்றியோரும் வளர்த்தெடுத்ததே மிசெல் வழி நுண்வடிப்பு முறை. ஆர்.ஓ. இயந்திரத்துக்குத் தேவைப்படும் அழுத்தத்தில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும். மெம்பரேனின் துளைகளும் ஆர்.ஓ. மெம்பரேனின் துளைகளைவிடப் பெரியவை. ஆய்வகத்தில் உலோகத்தில் 90 சதவீதத்துக்கு மேல் பிடிபடுவது சாதாரணமாகக் கிடைக்கும் விளைவு.

ஆய்வகத் தண்ணீரும் சாயப்பட்டறைத் தண்ணீரும் ஒன்றல்ல என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்காக, சாயத் தொட்டியில் லிட்டருக்குப் பத்துக் கணக்கான கிராம் சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ போடப்படுகிறது. அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, முழுவதும் கழிவுநீருக்கே வந்து சேர்கிறது. ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கழிவுநீரில் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் சோடியமும் 20 மில்லிகிராம் நிக்கலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அணு எடையால் வகுத்தால் ஒரு நிக்கல் அயனிக்கு ஏறத்தாழ 250 சோடியம் அயனிகள் வருகின்றன. மிசெல் நிக்கலை எவ்வளவுதான் விரும்பினாலும், இத்தனை சோடியம் சூழ்ந்து நிற்கும்போது அதன் பரப்பில் நிக்கலுக்குக் கிடைக்கும் இடம் சுருங்கிவிடுகிறது. உப்பு மிகுந்தால் மிசெல் தோன்றுவதற்கான செறிவு குறையும் என்பது உண்மை; அந்த வகையில் பரப்புச் செயலி கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் எதற்காக மிசெலை உருவாக்கினோமோ அந்தப் பிணைப்பே தளர்ந்துபோன பிறகு அந்த மிச்சத்தால் என்ன பயன்?

சாயக்கழிவில் இன்னொரு நுட்பமும் உண்டு. நீலப்பச்சை நிறம் தரும் டர்க்காய்ஸ் சாயங்கள் பலவற்றில் தாமிரம் இருப்பது தொழிலில் உள்ளோர் அறிந்ததே. அந்தத் தாமிரம் தனி அயனியாக அலைவதில்லை. தாலோசயனின் என்னும் வளையத்தின் நடுவில் நான்கு பக்கமும் நைட்ரஜனால் பூட்டப்பட்டிருக்கிறது. எதிர்மின்சுமை மிசெல் அதைத் தொடவே தொடாது. சாய மூலக்கூறும் எதிர்மின்சுமை கொண்டிருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். அங்கே சாயத்தைப் பிடித்தால்தான் உலோகமும் பிடிபடும். அது வேறு வேலை. ஆய்வறிக்கையில் மொத்தத் தாமிரம் என்று ஒரே எண் வருவதால் இந்த வேறுபாடு யார் கண்ணிலும் படுவதில்லை.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டதற்கும், அதற்கு முன் நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை உழவர்களுக்கே பகையாகிப்போனதற்கும் முதன்மைக் காரணம் கரைந்த உப்புதான் என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். சோடியத்தையும் குளோரைடையும் எந்த மிசெலும் நீக்கித் தராது. அதற்கு ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும்தான் வழி. அவை ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன. கழிவுநீரை வெளியே விடாத பூஜ்ஜியக் கழிவு முறை ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தில், ஆர்.ஓ.வுக்குச் செல்லும் நீரில் மேலும் ஒரு பரப்புச் செயலியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மெம்பரேனை அடைத்துவைக்கும் வேலையாகவே முடியும்.

அப்படியானால் இந்த முறைக்கு நம் பகுதியில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. பம்புசெட், மோட்டார், கிரைண்டர், வாகன உதிரிபாகம் என்று கோவை செய்து அனுப்பும் பொருள்கள் பலவற்றுக்கும் ஏதாவது ஒரு கட்டத்தில் முலாம் தேவைப்படுகிறது. அதைச் செய்து தருபவை பெரும்பாலும் ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு பட்டறைகள். நிக்கல் தொட்டியிலிருந்து தூக்கிய பொருளை அலசும்போது தொட்டியின் கரைசல் கொஞ்சம் அதோடு ஒட்டிக்கொண்டு அலசுத் தண்ணீருக்குப் போகிறது. அந்தத் தண்ணீரில் உலோகம் உண்டு. சாயக்கழிவைப் போன்ற உப்புச் சுமை இல்லை. எந்தத் தொட்டியிலிருந்து எந்த உலோகம் வருகிறது என்பதும் தெரியும். மிசெல் முறை எதிர்பார்க்கும் சூழல் இதுதான். அந்தத் தண்ணீர் அமிலத் தொட்டி, காரத் தொட்டி, கிரீஸ் நீக்கும் தொட்டி எல்லாவற்றின் கழிவோடும் ஒரே குழியில் கலந்த அடுத்த நிமிடமே அந்த வாய்ப்புக் கைநழுவிப்போகிறது.

இன்று அந்தக் குழியில் நடப்பது என்ன? சுண்ணாம்பைப் போட்டு உலோகங்களை ஹைட்ராக்சைடுச் சேறாகப் படியவைக்கிறார்கள். முறை மலிவானது, நம்பகமானது. அதைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால் நிக்கலும் துத்தநாகமும் குரோமியமும் கலந்த அந்தச் சேற்றிலிருந்து எதையும் எளிதில் திரும்ப எடுக்க முடியாது. அது அபாயக் கழிவு என்ற பட்டியலில் சேர்ந்து, மூட்டைகளில் அடுக்கப்பட்டு, சுமார் 500 கிலோமீட்டருக்கு அப்பால் கும்மிடிப்பூண்டி போன்ற பாதுகாப்பான நிரப்பு நிலத்துக்குப் போக வேண்டும். போகும் வரை அது பட்டறையின் பின்புறத்தில்தான் கிடக்கிறது.

நிக்கல் அலசுத் தொட்டியைத் தனியாகப் பிரித்து, அந்த நீரில் சோடியம் லாரில் சல்பேட்டைச் சேர்த்து நுண்வடிப்பு செய்தால், 1,000 லிட்டரில் 900 லிட்டர் வடிநீராகவும் 100 லிட்டர் உலோகம் செறிந்த நீராகவும் பிரிக்கலாம். செறிந்த நீரில் கந்தக அமிலத்தைச் சேர்த்தால் ஹைட்ரஜன் அயனிகள் நிக்கலை மிசெலின் பரப்பிலிருந்து பெயர்த்துவிடும். மறுபடி வடித்தால் நிக்கல் சல்பேட் கரைசல் கிடைக்கும். நிக்கல் தொட்டியின் முதன்மை உப்பே நிக்கல் சல்பேட்தான் என்பதைப் பட்டறைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முலாமில் சிறு குழிகள் விழாமல் இருக்க அதே தொட்டியில் அவர்கள் ஊற்றும் வெட்டிங் ஏஜென்டும் பல இடங்களில் இதே சோடியம் லாரில் சல்பேட்தான் என்பதையும் அவர்கள் அறிவார்கள். ஆகவே இது அவர்கள் பட்டறைக்குள் நுழையும் அந்நியப் பொருளன்று. ஆனால் தொட்டி தாங்குவது சிறு அளவை மட்டுமே. மீட்டெடுத்த கரைசலில் அது எவ்வளவு எஞ்சியுள்ளது என்று பார்க்காமல் தொட்டியில் ஊற்றக் கூடாது. அமிலம் கலந்த நிலையில் நாள்கணக்கில் வைத்திருந்தால் இந்தப் பொருள் சிதைந்துவிடும் என்பதும் கவனத்தில் இருக்க வேண்டும்.

இம்முறையின் பெரிய குறையை மறைக்க நான் விரும்பவில்லை. மிசெலாகச் சேராத தனி மூலக்கூறுகள் மெம்பரேன் வழியாக வெளியே வந்துவிடுகின்றன. முன்பு சொன்ன 2.3 கிராம் என்ற எல்லையை இப்போது திரும்பிப் பாருங்கள்: ஆயிரம் லிட்டர் வடிநீரில் இரண்டு கிலோவுக்கு மேல் பரப்புச் செயலி தப்பி ஓடக்கூடும். அதைச் சாக்கடையில் விட்டால், நொய்யலில் நுரை என்று நாம் முறையிடும் காட்சிக்கு நாமே தீனி போட்டவர்கள் ஆவோம். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. மின்சுமை இல்லாத இன்னொரு பரப்புச் செயலியைச் சிறிதளவு சேர்த்தால் இரண்டும் சேர்ந்து மிகக் குறைந்த செறிவிலேயே மிசெலாகும். கசிவு வெகுவாகக் குறையும். அல்லது, வடிநீரை வெளியே விடாமல் முதல் அலசுத் தொட்டிக்கே திருப்பிவிடலாம். அங்கே பரப்புச் செயலி இருப்பதால் கெடுதல் இல்லை. அடுத்து குரோம் தொட்டிக்குப் போகும் பொருளின் கடைசி அலசலுக்கு மட்டும் அந்த நீரைப் பயன்படுத்தக் கூடாது.

நம் ஊர்த் தண்ணீரின் கடினத்தன்மை மற்றொரு தடை. அலசுவதற்கு ஆழ்துளைக் கிணற்று நீரை அப்படியே பயன்படுத்தினால், வாளியில் பார்த்த அதே கதைதான் இங்கும் நடக்கும். கால்சியம் மிசெலின் இடத்தைப் பிடித்துக்கொள்வதோடு, பரப்புச் செயலியை வெண்படிவாக வீழ்த்தியும் விடும். ஈரிணைதிறன் கொண்ட அயனிகளுக்குள் மிசெல் பெரிதாக வேறுபாடு பார்ப்பதில்லை. அதற்கு நிக்கலும் கால்சியமும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே மென்னீரில் அலசும் பட்டறைகளுக்கே இது பொருந்தும்.

குரோமியத்துக்கு வந்தால் எல்லாம் தலைகீழாகிறது. குரோம் தொட்டியில் உள்ள ஆறிணைதிறன் குரோமியம் குரோமேட், டைகுரோமேட் என்ற எதிரயனிகளாக இருப்பதால், சோடியம் லாரில் சல்பேட் அதை அண்டவிடாது. நேர்மின்சுமை கொண்ட சீட்டைல் ட்ரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு போன்ற பொருள் தேவை. அது நுண்ணுயிர்களைக் கொல்லும் இனத்தைச் சேர்ந்தது. கசிந்து உயிரியல் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போனால் அங்குள்ள பாக்டீரியாக்களை அழித்துவிடும். நீர்நிலைகளில் விடும் கழிவில் ஆறிணைதிறன் குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்று நம் நாட்டு விதி எல்லை வகுத்திருக்கிறது. நிக்கலுக்கோ 3 மில்லிகிராம். இந்த வேறுபாடே எதில் கூடுதல் கவனம் தேவை என்பதைக் காட்டுகிறது. சோடியம் பைசல்பைட்டால் குரோமியத்தை மூவிணைதிறனுக்கு இறக்கிப் படியவைக்கும் பழைய முறை நன்றாகவே வேலை செய்கிறது. அதை மாற்ற நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈரோட்டுத் தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியத்துக்கும் மிசெல் முறை வேண்டியதில்லை. மக்னீசியம் ஆக்சைடால் குரோமியத்தை மீட்கும் முறையைச் சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாகப் பரப்பி வருகிறது.

சேலத்து வெள்ளி வேலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெள்ளி முலாம் தொட்டிகளில் சயனைடு உண்டு. அதில் வெள்ளி, சயனைடோடு சேர்ந்த எதிரயனியாக இருக்கிறது. நேர்மின்சுமை மிசெல் அதைப் பிடிக்கும் என்பது ஏட்டளவில் சரியே. ஆனால் நிக்கலுக்குச் சொன்னதைப் போல அமிலம் ஊற்றி வெள்ளியைப் பிரிக்க எவரேனும் முற்பட்டால், ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பி அந்த அறையிலேயே உயிரைப் பறித்துவிடும். சயனைடு தொட்டி உள்ள எந்தப் பட்டறையும் இந்தச் சோதனையில் இறங்கக் கூடாது.

உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் மணிகளான அயனிப் பரிமாற்றப் பிசின் இதே வேலையைச் செய்யாதா என்று விவரம் அறிந்த வாசகர் கேட்கலாம். செய்யும், எண்ணெய் கலவாத தெளிந்த அலசு நீருக்கு அதுவே மேல், ஏனெனில் அதில் கசிவு என்ற பேச்சே இல்லை. எண்ணெய்ப் பசையும் கரிமப் பொருள்களும் உலோகத்தோடு கலந்து வரும் நீரில்தான் மிசெலுக்குத் தனிச்சிறப்பு. அதன் உட்பகுதி எண்ணெயை வாங்கிக்கொள்ளும். வெளிப்பரப்பு உலோகத்தைப் பிடிக்கும். இரண்டும் ஒரே வடிப்பில் நீங்கும். பிசின் மணிகளோ எண்ணெய் படிந்தால் விரைவில் பயனற்றுப்போகும். இவை இரண்டுக்கும் முன்பாக, ஓடும் தண்ணீரில் அலசும் பழக்கத்தை விட்டு, பொருள் ஒரு திசையிலும் தண்ணீர் எதிர்த்திசையிலும் நகரும் படிநிலைத் தொட்டிகளை அமைப்பதே முதல் வேலை. அதற்கு எந்த வேதிப்பொருளும் வேண்டாம், தண்ணீர்ச் செலவும் பலமடங்கு குறையும். பல பட்டறைகளில் அதுவே இன்னும் நடக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

பூந்திக்கொட்டை, சீயக்காய் ஆகியவற்றில் உள்ள சபோனினும் பரப்புச் செயலியே. மண்ணில் ஒட்டிய காட்மியத்தையும் துத்தநாகத்தையும் சபோனின் கழுவி எடுப்பது ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. இதைக் கேள்விப்பட்டு நொய்யல் கரை வயல்களில் கரைத்து ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. மண்ணிலிருந்து பெயர்ந்த உலோகம் மறைந்து போவதில்லை. கீழே இறங்கிக் கிணற்று நீரில் சேரும். மண்ணைத் தோண்டியெடுத்துத் தொட்டியில் இட்டு, கழுவிய நீரை முழுவதுமாகப் பிடித்துச் சுத்திகரிக்கும் ஏற்பாடு இருந்தால் மட்டுமே அது முறையாகும்.

சோதனைச்சாலைகளுக்கு இந்த வேதியியல் இன்றே பயன்படும். டிரைட்டன் எக்ஸ்-114 போன்ற மின்சுமையற்ற பரப்புச் செயலிக் கரைசலைச் சூடாக்கினால், குறிப்பிட்ட வெப்பநிலையில் அது கலங்கி, பரப்புச் செயலி செறிந்த சிறு அடுக்காகப் பிரியும். உலோகத்தைப் பற்றும் வேதிப்பொருள் ஒன்றை முன்கூட்டியே சேர்த்திருந்தால், நீரில் இருந்த உலோகம் அந்தச் சிறு அடுக்கில் வந்து குவியும். 1970-களில் ஜப்பானியர் வதனபே தொடங்கிவைத்த இம்முறையில், 10 மில்லிலிட்டர் நீரில் பரவியிருந்த காரீயத்தை அரை மில்லிலிட்டருக்கும் குறைவான அளவுக்குள் ஒடுக்கலாம். உலோகத்தை அளக்கும் சாதாரண அணு உறிஞ்சல் கருவியின் கண்ணுக்குத் தப்பும் அளவும் அப்போது புலப்படும். குளோரோபார்ம் போன்ற கரைப்பான் எதுவும் வேண்டியதில்லை. டிரைட்டன் எக்ஸ்-114 கலங்கும் வெப்பநிலை 25 பாகைக்கு அருகில் என்பதால், நம் சித்திரை வெயிலில் அது குடுவையிலேயே கலங்கி நிற்கும். ஆகவே குளிர்நீரில் கரைத்துவிட்டுப் பிறகு வெந்நீர்த் தொட்டியில் வைக்க வேண்டும் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். குடிநீரில் காரீயத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003 மில்லிகிராம். இத்தனை நுண்ணிய அளவை அளக்கும் திறனை, அணு உறிஞ்சல் கருவி வைத்திருக்கும் கோவை, ஈரோடு, சேலம் கல்லூரிகள் பெரிய செலவின்றிப் பெற முடியும். டிரைட்டன் வகைப் பொருள்கள் சிதைந்து உயிரிகளின் ஹார்மோன் இயக்கத்தைக் குலைக்கும் சேர்மங்களாக மாறுவதால் ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் அவற்றுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்துள்ளது. எனவே குடுவை அளவுக்கு மேல் அவற்றைக் கொண்டுபோகக் கூடாது.

ஆகவே, இந்த முறையைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நிறுவ வேண்டும் என்ற கோரிக்கைக்குப் பதிலாக, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் முலாம் பூசுவோர் சங்கங்களிடமும் வேறொன்றைக் கேட்கலாம் என்று கருதுகிறேன். நிக்கல் வேலை மட்டும் செய்யும் ஒரு பட்டறையைத் தேர்ந்து, அதன் அலசு நீரைத் தனிக் குழாயில் பிரித்து, ஒரு பொறியியல் கல்லூரியின் வேதிப்பொறியியல் துறை மேற்பார்வையில் சிறிய நுண்வடிப்புக் கருவியை ஓராண்டு ஓட்டிப் பார்க்கட்டும். மழைக்காலத்திலும் கோடையிலும் எவ்வளவு நிக்கல் மீண்டது, எவ்வளவு பரப்புச் செயலி கசிந்தது, மெம்பரேன் எத்தனை முறை கழுவப்பட்டது, ஆயிரம் லிட்டருக்கு ஆன செலவு என்ன என்ற கணக்கு சுண்ணாம்பு முறையின் செலவோடு பக்கத்தில் வைத்து வெளியிடப்பட வேண்டும். சுண்ணாம்பு முறையின் கணக்கில் கும்மிடிப்பூண்டிக்குப் போகும் லாரி வாடகையும் சேர வேண்டும். கணக்கு சாதகமாக வராவிட்டால் அதையும் அப்படியே அச்சிடத் தங்கள் நாளிதழ் இடம் தர வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வேதியியல் பேராசிரியர் (ஓய்வு),
கோயம்புத்தூர்.